கூடைப்பந்து: எந்த அரங்கம், எந்த இருக்கை?

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் பக்கம் கபடிப் போட்டி என்றால் நோட்டீஸ்கூட அடிக்க வேண்டாம், ஊரே திரண்டுவிடும். கூடைப்பந்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பள்ளியில் ஆடிய பையன், அவனைப் பழக்கிய பி.டி. வாத்தியார், விடியற்காலையில் எழுந்து செல்போனில் அமெரிக்காவின் என்பிஏ தொடரைப் பார்க்கும் கல்லூரி மாணவி என்று எண்ணிவிடக்கூடிய ரசிகர்கள்தான் நம் பக்கம் இருக்கிறார்கள். பெரிய ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் இவர்கள் ஊரை விட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும். எங்கே போகலாம், எப்போது போகலாம், போன இடத்தில் எங்கே உட்காரலாம் என்பதுதான் இந்த அத்தியாயம். பிள்ளைகளைப் பார்க்க டொரன்டோ, சிகாகோ என்று போய் ஆறு மாதம் தங்கிவரும் பெற்றோருக்கும் இதில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரங்கத்தின் இருக்கைக் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம்தான். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிரிக்கெட்டில் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தாலும் பந்து எல்லைக்குப் போனதா இல்லையா என்பது தெரிந்துவிடும். கூடைப்பந்தில் ஆட்டமே தோளும் இடுப்பும் பாதமும் செய்யும் வேலையில்தான் இருக்கிறது. யார் யாருக்கு வழிமறித்தார், ஃபவுல் எங்கே விழுந்தது, பந்து கைக்கு வருமுன்னே ஓடத் தொடங்கியவர் யார் என்பதெல்லாம் உச்சி வரிசையிலிருந்து கண்ணில் படாது. நடுவில் தொங்கும் பெரிய திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திரையைப் பார்க்க டிக்கெட் எதற்கு?

பெரியகுளத்திலிருந்து தொடங்குங்கள்

இருபதாயிரம் பேர் அமரும் அரங்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய அத்தியாயத்தில் தேனி மாவட்டத்துச் சிற்றூருக்கு முதலிடமா என்று கேட்கலாம். ஆமாம், முதலிடம்தான். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதம்தோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை மின்னொளியில் நடத்துகிறது. பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கான இந்தத் தொடர் அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. வங்கி, ரயில்வே, ராணுவம், கப்பற்படை என்று துறை அணிகள் நாட்டின் பல மூலைகளிலிருந்து வருகின்றன.

இந்தத் துறை அணிகளைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் நம் நாட்டுக் கூடைப்பந்து புரியும். அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் கிளப்போடு ஒப்பந்தம் போட்டவர். இங்கே நெடுங்காலமாக அந்த இடத்தில் இருப்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைதான். சென்னையின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணியும் ஐசிஎஃப் அணியும் அப்படி உருவானவையே. இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்று ஆடி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னை அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். ஆக, பெரியகுளத்தில் நீங்கள் பார்ப்பது விடுமுறைக்கால ஊர் விளையாட்டு அல்ல. இந்திய ஜெர்சி போட்டவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஆடுகிறார்கள். ஷூ தரையில் உரசும் சத்தமும், பயிற்சியாளர் ஓரத்திலிருந்து போடும் அதட்டலும், தட்டிய பந்து நம் மடியிலேயே வந்து விழுவதும் எந்த உலக அரங்கத்து மேல்வரிசையிலும் கிடைக்காது. வங்கிக்கும் ராணுவத்துக்கும் நடக்கும் ஆட்டத்தில் ஊர்ப்பற்றுக்கு வேலையில்லை என்பதால், கைதட்டு நல்ல ஆட்டத்தைப் பார்த்து விழும்.

போகும் வழி: திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம் போய், மதுரைப் பக்கம் செல்லும் ரயிலில் திண்டுக்கல்லில் இறங்குங்கள். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகத் தேனி செல்லும் பேருந்து பெரியகுளத்தில் நிற்கும். கோடை விடுமுறையும் கொடைக்கானல் கூட்டமும் ஒன்றாகச் சேரும் மாதம் என்பதால் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இறுதி ஆட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். தொடரின் நடுநாட்களில் ஒரே மாலையில் பல ஆட்டங்கள் வரிசையாக நடக்கும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும் வாத்தியாருக்கு அதுதான் லாபம். கோடை மழை வந்தால் ஆட்டம் நிற்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கோயம்புத்தூரிலும் நல்ல கூட்டம் உண்டு. வ.உ.சி. பூங்கா அருகிலுள்ள மாநகராட்சிக் கூடைப்பந்து மைதானத்தில் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் பெண்களுக்கு சிஆர்ஐ கோப்பையும் நடக்கின்றன. பிஎஸ்ஜி கோப்பைக்கும் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். பெரியகுளம் முடித்த துறை அணிகளை மீண்டும் பார்க்க நல்ல இடம்.

சென்னை: அரங்கம் இருக்கிறது, சொந்தக் கூட்டம் இல்லை

தமிழ்நாட்டில் கூரை போட்ட பெரிய அரங்கம் என்றால் சென்னை பெரியமேட்டிலுள்ள ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கம்தான். ஏறத்தாழ 8,000 பேர் உட்காரலாம். 2009 செப்டம்பரில் ஆசியப் பெண்கள் கூடைப்பந்து வாகையர் போட்டி இங்கே நடந்தது. சீனா கோப்பையை வென்றது. திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூர் போய், கடற்கரை மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

ஆனால் போவதற்கு முன் அங்கே உண்மையில் கூடைப்பந்து நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு ‘சென்னை ஹீட்’ என்று ஒரு தொழில்முறை அணி இருக்கிறது. 2025 தொடக்கத்தில் இருபத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கான ஐஎன்பிஎல் (இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக்) தொடர் நடந்தபோது, எல்லா அணிகளும் டெல்லி தியாகராஜ் அரங்கத்திலேயே ஆடி முடித்தன. செலவை மிச்சம் பிடிக்க அமைப்பாளர்கள் செய்யும் ஏற்பாடு இது, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனாலும் அணியின் பெயரில் ஊர் இருந்து, அந்த ஊரில் ஆட்டம் இல்லையென்றால் சொந்தக் கூட்டம் எங்கிருந்து வரும்? சனிக்கிழமைதோறும் அதே இடத்தில், அதே நிறச் சட்டையை அதே பக்கத்து இருக்கைக்காரரோடு பார்த்துப் பழகினால்தான் கூட்டம் சேரும். நம்மிடம் இல்லாதது அதுதான். கட்டடம் இல்லாமல் இல்லை.

இத்தனைக்கும் இந்த ஆட்டத்துக்கும் சென்னைக்கும் உறவு பழையது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அதே ஒய்எம்சிஏ வழியாக வந்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்த பி.டி. வாத்தியார்கள்தான் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களுக்கு இரண்டு வளையங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மும்பையில் இரண்டு நாள்

என்பிஏ அணிகள் இந்தியாவுக்கு வந்து ஆடியது 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில். மும்பை வொர்லியிலுள்ள என்எஸ்சிஐ டோமில் சாக்ரமென்டோ கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் மோதின. முதல் ஆட்டம் கூடுதல் நேரம்வரை போய் 132-131 என்று பேசர்ஸ் ஜெயித்தது. மறுநாளும் அவர்களுக்கே வெற்றி, 130-106. எனக்கு இந்தக் கணக்கைவிடப் பெரிதாகப் படுவது முதல் நாள் கூட்டம். அன்று அரங்கத்தை நிறைத்தவர்கள் பள்ளிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இரண்டு அணியில் எதுவும் அவர்களுடைய ஊர் அணி அல்ல. யார் பந்தைப் போட்டாலும் கத்தினார்கள். அந்த ஆட்டத்துக்கு அதுதான் பொருத்தம்.

அந்தக் கிங்ஸ் அணியின் உரிமையாளர்களில் முதன்மையானவர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. சாக்ரமென்டோவில் கிங்ஸின் சொந்த அரங்கமான கோல்டன் 1 சென்டரில் 2022-ஆம் ஆண்டிலிருந்து ஒரு பழக்கம். அணி ஜெயித்த இரவில் கூரையிலிருந்து ஊதா நிற ஒளிக்கற்றையை வானத்தை நோக்கி ஏற்றுகிறார்கள். அண்ணாமலையில் தீபம் ஏறியதை மாடியில் நின்றே தெரிந்துகொள்ளும் நமக்கு அதன் சுகம் சொல்லாமலே விளங்கும். அரங்கத்துக்குப் போக வசதியில்லாதவருக்கும் அந்த வெளிச்சத்தில் பங்கு கிடைத்துவிடுகிறது. பதினாறு பருவங்களாக இறுதிச் சுற்றுகளான பிளே-ஆஃப் பக்கமே எட்டிப்பார்க்காத அணி அந்தப் பருவத்தில்தான் உள்ளே நுழைந்தது. அரங்கத்தில் சுமார் 17,600 இருக்கைகள்தான். சத்தத்தில் அதைவிடப் பெரிய அரங்கங்களுக்கு ஈடு கொடுக்கும்.

கடல் கடந்து போகிறவர்களுக்கு

இருக்கைக் கணக்கில் என்பிஏவின் பெரிய வீடுகளில் முன்வரிசையில் இருப்பது சிகாகோவின் யுனைடெட் சென்டர். 1994-இல் திறந்தது, கூடைப்பந்துக்கு 20,917 பேர். மைக்கேல் ஜோர்டனின் சிலை அங்கே இருக்கிறது. புல்ஸ் அணியின் ஆறு கோப்பைகளில் பின் மூன்றும் இந்த அரங்கத்துக் காலத்தில் வந்தவை. அதற்குப் பிறகு அணி எத்தனையோ பருவங்களில் சோடை போயிருக்கிறது. கூட்டம் மட்டும் குறையவில்லை, வருகைப் பட்டியலில் பல ஆண்டுகள் சிகாகோவே முதலிடம். தோற்கும் அணிக்கு வரும் கூட்டத்தைத்தான் நான் சொந்தக் கூட்டம் என்பேன். டெட்ராய்ட்டின் லிட்டில் சீசர்ஸ் அரீனா, வாஷிங்டனின் கேபிடல் ஒன் அரீனா இரண்டும் இருபதாயிரத்தைத் தாண்டியவை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் 19,812. இப்போதிருப்பது அந்தப் பெயரில் நான்காவது கட்டடம், 1968-இல் திறந்தது.

புதிதாகக் கட்டும் அரங்கங்கள் சிறுத்துக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் பழைய ஆரக்கிள் அரீனாவில் 19,596 இருக்கைகள். 2019-இல் அவர்கள் குடிபோன சேஸ் சென்டரில் 18,064. மலிவு இருக்கைகளைக் குறைத்துப் பணக்காரர்களின் அறைகளைக் கூட்டினால் வருமானம் ஏறுகிறது, அவ்வளவுதான் கணக்கு. கிளிப்பர்ஸ் அணிக்காக 2024-இல் திறந்த இன்ட்யூட் டோமும் 18,000 அளவில்தான் நிற்கிறது. ஆனால் அங்கே ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஒரு வளையத்துக்குப் பின்னால் 51 வரிசைகள் இடைவெளியே இல்லாமல் செங்குத்தாக ஏறுகின்றன. ‘சுவர்’ என்று அதற்குப் பெயர். உள்ளூர் ரசிகர்களுக்கான இடம் அது, எதிரணி ஜெர்சிக்கு அங்கே வேலையில்லை. எதிரணி ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போது அந்தச் சுவர் முழுக்க ஆடும். கழிப்பறைகளும் சிறுநீர்த் தொட்டிகளுமாக ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். இடைவேளையில் வரிசையில் நின்று கோட்டை விடக்கூடாது என்பது உரிமையாளர் ஸ்டீவ் பால்மரின் பிடிவாதம். நம் ஊர் அரங்கங்களைத் திட்டமிடுகிறவர்கள் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்கலாம்.

சத்தம் போட்டால் ஜெயிப்பார்களா? என்பிஏவில் நெடுங்காலம் பத்து ஆட்டத்தில் ஆறை வீட்டில் ஆடும் அணியே வென்றுவந்தது. அண்மை ஆண்டுகளில் அந்த விகிதம் இறங்கியிருக்கிறது. பயணக் களைப்பும் ஒரு காரணம் என்பதால் புகழ் முழுவதையும் தொண்டைக்கே கொடுத்துவிட முடியாது.

நம்மவர்கள் அதிகம் போகக்கூடிய அரங்கம் டொரன்டோவின் ஸ்கோஷியாபேங்க் அரீனா. கூடைப்பந்துக்கு 19,800 பேர். ஸ்கார்பரோவில் பிள்ளைகள் வீட்டில் தங்கியிருப்பவர் கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, புளோர்-யங்கில் மாறி, யூனியன் நிலையத்தில் இறங்கினால் போதும். அரங்கம் நிலையத்தோடு ஒட்டியே இருக்கிறது, பனியில் கால் வைக்க வேண்டாம். இதே அரங்கத்தில் ஐஸ் ஹாக்கியும் நடக்கும். பனித்தளத்தை உருக்குவதில்லை. மேலே வெப்பம் கடத்தாத பலகைகளைப் பரப்பி, அதன்மீது மரத்தளத்தைத் துண்டு துண்டாகப் பூட்டிவிடுகிறார்கள். சில மணி நேர வேலை. கூடைப்பந்துக் களம் சின்னது என்பதால் சுற்றிலும் கூடுதல் நாற்காலிகள் விழும். ஹாக்கியைவிடக் கூடைப்பந்துக்கு இருக்கை அதிகமாக இருப்பது இதனால்தான்.

டிக்கெட் விலை ஆளையே அசத்தும். வார நாளில், பலமில்லாத அணியோடு நடக்கும் ஆட்டமாகப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம், அதில் 41 சொந்த ஊரில், அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை. கடைசி நேரத்தில் விலை இறங்குவதும் உண்டு. வளையத்துக்குப் பின்பக்கத்து இருக்கைகளைவிட, பக்கவாட்டில் நடு உயரத்தில் உள்ளவை நல்லவை. இரண்டுக்கும் நடுவே மூலைப்பக்கம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், விலை குறைவு, ஆட்டம் முழுக்கத் தெரியும். பெரிய பை கொண்டுபோக முடியாது. புளிசாதப் பொட்டலத்தை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் செல்போனில்தான் இருக்கும், சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பிளே-ஆஃப் காலத்தில் உள்ளே போகக் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரங்கத்தின் வெளியே பெரிய திரை உண்டு. ஜுராசிக் பார்க் என்று கூப்பிடுவார்கள். 2019 ஜூன் 13 அன்று டொரன்டோவின் ராப்டர்ஸ் அணி கோப்பையை வென்றது. அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள அணி என்பிஏ கோப்பையை எடுத்தது அதுவே முதல்முறை. கடைசி ஆட்டம் நடந்ததோ கலிஃபோர்னியாவில். டொரன்டோவின் கூட்டம் அன்றும் இந்தத் திரையின் முன்னால்தான் நின்றது.

ஆகப் பெரிய கூரையைப் பார்த்தே தீருவேன் என்பவர் மணிலாவுக்கு வடக்கே பொகாவேயிலுள்ள பிலிப்பைன் அரீனாவுக்குப் போகலாம். இக்லேசியா நி கிறிஸ்டோ என்ற திருச்சபை 2014-இல் திறந்தது, 55,000 பேர் கொள்ளும். 2023 ஆகஸ்ட் 25 அன்று உலகக் கோப்பையில் பிலிப்பைன்ஸ், டொமினிக்கன் குடியரசோடு ஆடியபோது 38,115 பேர் வந்தார்கள். உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை வந்த அதிகபட்சக் கூட்டம் 1994-இல் டொரன்டோவில் கூடிய 32,616. ஐரோப்பாவில் 2009 மார்ச் 5 அன்று பெல்கிரேடில் பார்ட்டிசான் அணிக்காக 22,567 பேர் கூடினார்கள். பார்ட்டிசான் வழக்கமாக ஆடிய கூடம் அதில் பாதியளவுகூட இல்லை. சின்னக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த கூட்டம்தான் அன்று பெரிய அரங்கத்தை நிரப்பியது. 2023 ஜனவரி 13 அன்று சான் அன்டோனியோவின் அலமோடோமில் 68,323 பேர் கூடியது என்பிஏ ஆட்டங்களில் ஒரு சாதனை. அது அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டிய மண்டபம். பின்வரிசையில் இருந்தவர்கள் அங்கே பார்த்தது கூட்டத்தைத்தான்.

ஊரிலிருந்தே பார்க்கிறவருக்கு ஒரு கணக்கு: டொரன்டோவில் குளிர்காலத்து இரவு ஏழு மணி, நமக்கு மறுநாள் காலை ஐந்தரை.

நம் ஊரில் நடத்துவதென்றால்

பெரியகுளம் போய்வந்த வாத்தியாருக்கு நாமும் நடத்தினால் என்ன என்று தோன்றும். தோன்ற வேண்டும். களத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் விட்டால் 32-க்கு 19 மீட்டர் இடம் தேவை. அந்த இரண்டு மீட்டரில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள், லே-அப் போட்டு ஓடிவருகிறவர் அவர்கள்மீதுதான் விழுவார். நம் பக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை மேடையைக் களத்தின் நடுக்கோட்டுக்கு நேராகப் போட்டு, சோபாவில் சிறப்பு விருந்தினர்களை உட்கார வைப்பது. இருக்கிற இடத்திலேயே நல்ல இடம் அது. அரைமணியில் எழுந்து போகப் போகிறவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, கடைசிவரை இருக்கப் போகிறவர்களை வளையத்தின் பின்னால் நிறுத்துகிறோம். மேடையை ஒரு மூலைக்குத் தள்ளுங்கள். பொன்னாடை போர்த்துவதை முதல் விசிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மைக்கை ஆட்டம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, நடுவர் எதற்காக ஊதினார் என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு வரியில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கபடிக்கு வரும் ஆட்கள் கூடைப்பந்துக்கு வராமல் இருப்பதற்கு ஆட்டம் புரியாததும் ஒரு காரணம். ஒரே ஆண்டில் கூட்டம் நிறையவில்லை என்று விட்டுவிடாமல், ஆண்டுதோறும் அதே வாரத்தில், அதே இடத்தில் நடத்துங்கள்.

தேதி குறிக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். பௌர்ணமியன்று கிரிவலத்துக்குப் போகிறவர்களால் திருவண்ணாமலைச் சாலையில் எந்தப் பேருந்திலும் இடம் கிடைக்காது, வெளியூர் அணிகள் வந்து சேர முடியாது. கார்த்திகை தீபத் திருவிழாவின் பத்து நாட்களில் போட்டி வைக்கவே வேண்டாம். மாவட்டத்துப் போலீஸ் முழுவதும் அப்போது மலையைச் சுற்றித்தான் நிற்கும்.